கல்லூரி மாணவர்க்குச் சோறு: ஒரு வரலாற்று நோக்கு

கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளிவிழா மலரில் சோற்றைப் பற்றியா எழுதுவது என்று சிலர் எண்ணக்கூடும். கட்டணம், உதவித்தொகை, இட ஒதுக்கீடு, வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பற்றி எழுதுவதே முறை என்று அவர்கள் கருதுவர். அவற்றை எழுத இம்மலரில் பிறர் உளர். ஆனால் நம் மக்கள் கல்வி பெற்ற வரலாற்றைச் சற்று நின்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படாமற் போகாது. நம்மவர் பிள்ளைகளுக்கென எழுந்த கல்விக்கூடங்களுள் நிலைத்து நின்றவை பெரும்பாலும் அடுப்பும் உடன் வைத்திருந்தவையே ஆகும். பலகையும் சுண்ணக்கட்டியும் மட்டும் கொண்டு தொடங்கியவை சில ஆண்டுகளில் ஆளின்றிப் போயின. ஆகவே கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோன் சமையற்கட்டின் வரலாற்றையும் எழுதியாகவேண்டும்.

அடி அண்ணாமலையில் வாழும் நமக்கு இதனை விளக்கிச் சொல்லவேண்டிய தேவை இல்லை. மலையின் மேற்கே, வலம்வரும் பாதையின் ஓரத்தில் அமைந்த ஊர் நம் ஊர். முழுநிலா நாள்தோறும் பதினான்கு கிலோமீட்டர் சுற்றுப்பாதை நெடுகிலும் அன்னதானப் பந்தல்கள் எழுகின்றன. கார்த்திகைத் தீபத்தன்றோ சொல்லவே வேண்டா. தொன்னையும் இலையும் பாதையோரத்தில் குவிந்துவிடும். அன்று பசித்தவர் எவரும் இவ்வூரில் இரார். ஆனால் தீபம் முடிந்த மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குப் பேருந்துக்கு நிற்கும் நம் தெருப் பிள்ளையின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டால், பல நாட்களில் ஒரு குவளைத் தேநீர் என்பதே விடை. தாய் விடியுமுன் களையெடுக்கவோ கட்டட வேலைக்கோ போயிருப்பாள். பள்ளியில் படிக்கும் தம்பிக்கு அங்கே மதிய உணவு உண்டு. கல்லூரியில் படிக்கும் அண்ணனுக்கும் அக்காளுக்கும் இல்லை. இந்த இடைவெளி எவ்வாறு உண்டாயிற்று என்பதே இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

நெல் அளந்த கல்வெட்டு

படிக்கும் மாணவனுக்குச் சோறிடவேண்டும் என்னும் கருத்து மேல்நாட்டார் நமக்குக் கற்பித்தது அன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே தமிழ் மண்ணில் அது கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த எண்ணாயிரம் என்னும் ஊரில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் கல்லூரி ஒன்று நடந்தது. அதில் 340 மாணவரும் 14 ஆசிரியரும் இருந்தனர். இளமாணவர் 270 பேருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மேல்வகுப்பு மாணவர் 70 பேருக்கு ஆளுக்கு ஒரு குறுணியும் இரு நாழியும், அஃதாவது பத்து நாழி. இதற்கென நிலம் ஒதுக்கப்பட்டது. மேல்வகுப்பு மாணவனுக்கு அளவு கூடுதல் என்பதனை இளைஞர்கள் இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும். வயதும் படிப்பும் ஏற ஏற ஊணும் ஏறவேண்டும் என்று அன்றையோர் கருதினர். இன்றைய அரசுகளோ மாணவன் பத்தாம் வகுப்பைக் கடந்ததும் பந்தியிலிருந்து எழுப்பிவிடுகின்றன.

செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள திருமுக்கூடல் கல்வெட்டு இன்னும் விரிவானது. வீரராசேந்திரன் காலத்தது. ஆங்கு மாணவர்க்கு உணவு அளித்ததோடு, சனிக்கிழமைதோறும் தலை முழுக எண்ணெயும், இரவில் விளக்கெரிக்க எண்ணெயும் வகுக்கப்பட்டன. நோயுற்றால் தங்கப் பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் இருந்தது. உணவு, விளக்கு, மருந்து என்னும் மூன்றையும் ஒரே அறக்கட்டளையில் அடக்கிய அந்த நுட்பத்தை நாம் பாராட்டியே ஆகவேண்டும்.

ஆனால் யார் உண்டனர்? வேதமும் இலக்கணமும் மீமாஞ்சையும் பயின்ற மறையவர் மக்களே உண்டனர். அந்நெல்லை விளைவித்தவர் யாவர் என்று அக்கல்வெட்டுகள் விரித்துரைக்கவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றுள் ஊர்நத்தத்திற்கு அப்பால் தனியே குறிக்கப்படும் சேரிகளில் வாழ்ந்தோர் உழுது நட்டு அறுத்துப் போரடித்து அளந்த நெல் அது. அறத்தின் அளவு சரியாகவே இருந்தது. அதன் வேலிதான் குறுகலாக இருந்தது. நம் முன்னோர் அவ்வேலிக்கு வெளியே நின்றனர்.

சேரிப் பள்ளியும் பிடி அரிசியும்

1891-இல் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்கீர் என்பார் பறையர் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்ததை நாம் அனைவரும் அறிவோம். அடுத்த ஆண்டே பஞ்சமர் கல்விக்கெனத் தனிச் சலுகைகள் வழங்கும் ஆணையும் வந்தது. 1894-இல் கர்னல் ஒல்காட் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். கிறித்தவ மிசன்கள் ஊர்தோறும் பள்ளியும், சில இடங்களில் தங்கிப் படிக்கும் விடுதியும் நடத்தின. இவர்கள் அனைவரும் எதிர்கொண்ட இடர் ஒன்றே. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் அவன் மாடு மேய்த்துக் கொண்டுவரும் கூழ் வீட்டிற்கு வாராது. ஒரு வாய் குறைகிறதே என்று மகிழ்வதற்கு மாறாக, ஒரு கூலி குறைகிறதே என்று தந்தை வருந்தினான். படிப்பு இலவசமாயினும் பசி இலவசமன்று.

இவ்விடத்தில் நம் மாவட்டத்து மைந்தர் ஒருவரை நினைவுகூர்தல் நம் கடமை. சுவாமி சகஜானந்தர் 1890 சனவரி 27-ஆம் நாள் ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் பிறந்தவர். இயற்பெயர் முனுசாமி. அந்நாளில் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த அவ்வூர் இன்று நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. திண்டிவனம் மிசன் பள்ளியில் பயின்று, கோலார் தங்கவயலில் சில காலம் இருந்து, பின்னர்ச் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளை அடைந்து துறவு பூண்டார். கரபாத்திரம் என்பது கையையே உண்கலமாகக் கொள்ளுதலைக் குறிக்கும் சொல். அத்தகைய குருவிடம் பயின்றவர், பிற்காலத்தில் பல பிள்ளைகளின் கலங்களை நிரப்பும் பணியை மேற்கொண்டது வியப்பன்று.

அவர் 1910-இல் சிதம்பரம் சேர்ந்தார். 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, இருபத்தைந்து பிள்ளைகளுடன் பள்ளி தொடங்கினார். எந்தத் தில்லையில் நந்தனார் கோயிலுக்குள் நேரே நுழைய இயலாமல் தீயில் மூழ்கினார் என்று புராணம் கூறுகிறதோ, அந்தத் தில்லையிலேயே அவர் பெயரால் பள்ளியும் விடுதியும் எழுந்தன. தென்னார்க்காட்டு, தஞ்சை வட்டாரத்துப் பண்ணையாட்களின் மக்கள் அங்கு வந்து தங்கினர். தங்கியவன் உண்ணவேண்டும்; உண்பதற்கு ஊர் ஊராய்ச் சென்று உதவி திரட்டவேண்டும்; அரசிடம் மானியம் கேட்டு மன்றாடவேண்டும். அவர் சட்டமன்ற மேலவையிலும் பேரவையிலும் பன்னெடுங்காலம் உறுப்பினராயிருந்தார். அங்கே அவர் பேசிய பேச்சின் பின்னணியில் விடுதிப் பிள்ளைகளின் அடுத்த வேளைச் சோறு இருந்தது என்பதனை நாம் மறத்தலாகாது. 1959 மே முதல் நாள் அவர் மறைந்தார்.

சிதம்பரத்தில் 1920-இல் மீனாட்சி கல்லூரியும், அதன் விரிவாக 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. பல்கலைக்கழகம் எழுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகட்கு முன்பே அதே ஊரில் நம்மவர் பிள்ளைகளுக்கு ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்த வள்ளலின் பெயர் நம் ஏடுகளில் தவறாது இடம்பெறுகிறது. அவ்வடுப்பை மூட்டிய துறவியின் பெயர் அவர் பிறந்த மாவட்டத்திலேயே பல இளைஞர்க்குத் தெரியவில்லை. இது நம் குறையே ஆகும்.

மேற்கே மராட்டியத்திலும் இதே கதைதான். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசர் சாதிதோறும் விடுதி ஏற்பட ஊக்கமளித்தார். தீண்டப்படாதார் மாணவர்க்காக 1908-இல் மிஸ் கிளார்க் பெயரால் விடுதி தோன்றியது. டாக்டர் அம்பேத்கர் 1924-இல் அமைத்த பகிஷ்கிருத் ஹிதகாரிணி சபை தன் முதற்பணிகளுள் ஒன்றாக 1925-இல் சோலாப்பூரில் மாணவர் விடுதியைத் திறந்தது. இலண்டனிலும் நியூயார்க்கிலும் பட்டம் பெற்றுத் திரும்பிய பேரறிஞர் முதலில் கல்லூரி தொடங்கவில்லை, விடுதி தொடங்கினார். ஏன்? பசியோடு படிப்பது யாது என்பதனை அவர் ஏட்டில் படித்து அறிந்தவர் அல்லர். 1920-க்குப் பின் இலண்டனில் பயின்றபோது காலையில் ஒரு துண்டு ரொட்டியும் சிறிதளவு மீனும் ஒரு குவளைச் சாறும், இரவில் நண்பரிடம் பெற்ற அப்பளமும் கொண்டு அவர் நூலகத்தில் நாள் முழுதும் அமர்ந்த செய்தி அவர் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. அதனைக் கேட்டுக் கைதட்டி மகிழும் மேடைப் பேச்சாளர் சிலர், நம் பிள்ளைகளும் அவ்வாறே பசித்துப் படிக்கவேண்டும் என்று பொருள்படப் பேசுவதுண்டு. அவர் பசித்தது எடுத்துக்காட்டன்று, இழிவு. அந்த இழிவு அடுத்தவனுக்கு நேரக்கூடாது என்றே அவர் விடுதி திறந்தார்.

பந்தியில் வந்த வேற்றுமை

உணவு கிடைத்தாற் போதுமா? எங்கே, யாரோடு அமர்ந்து உண்பது என்னும் வினாவும் உடன் எழுகிறது. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் சிலர்க்குத் தனிப்பந்தி இட்டதனால் 1924-25-ஆம் ஆண்டுகளில் எழுந்த கிளர்ச்சியை அனைவரும் அறிவர். வரதராசுலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ.ரா.வும் அதனை எதிர்த்து நின்றனர். தமிழக அரசியலின் போக்கையே திருப்பிய நிகழ்ச்சிகளுள் அஃது ஒன்று என்பது உண்மை. ஆயினும் நாம் ஒன்றைச் சேர்த்து நினைக்கவேண்டும். அப்பூசல் பிராமணர்க்கும் பிராமணரல்லாதார்க்கும் இடையே நிகழ்ந்தது. ஆதிதிராவிடப் பிள்ளையின் இலை எந்தப் பந்தியில் விழும் என்னும் வினா அன்று அங்கே முதன்மையாக எழவே இல்லை.

பள்ளிகளில் தனிப்பானை வைத்துத் தண்ணீர் கொடுத்த காலம் அது. அத்தகைய தனிப்பானையை மாணவப் பருவத்திலேயே உடைத்தவர் காட்டுமன்னார்கோயில் பகுதியைச் சேர்ந்த இளையபெருமாள் அவர்கள். பின்னாளில் அவர் தலைமையில் 1965-இல் அமைந்த குழு, தீண்டாமை குறித்து 1969-இல் நடுவணரசுக்கு அறிக்கை அளித்தது. அந்தப் பானையின் ஓடுகள் இன்னும் முற்றும் பெருக்கப்படவில்லை. 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவினாசிப் பகுதியில், அருந்ததியர் குலத்துச் சமையலர் ஒருவர் சமைத்த சத்துணவைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாது என்று சாதியினர் சிலர் தடுத்தனர். 2023-இல் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் காலை உணவுத் திட்டத்திலும் இத்தகைய தகராறு எழுந்து அரசு தலையிட நேர்ந்தது. உயர்கல்வியின் உச்சியில் இது தீர்ந்துவிடும் என்று எண்ணவேண்டா. 2018 திசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் விடுதி உணவகம் ஒன்றில், சைவர்க்கும் அசைவர்க்கும் தனித்தனி நுழைவாயில், தனித்தனிக் கைகழுவுமிடம் என்று தாள் ஒட்டப்பட்டது. மாணவர் எதிர்த்த பிறகே அது அகற்றப்பட்டது.

ஆகவே மாணவர் உணவு என்று நாம் பேசும்போது அரிசியின் விலையை மட்டும் பேசவில்லை. ஒரே பந்தி, ஒரே கரண்டி, ஒரே குடம் என்பதனையும் சேர்த்தே பேசுகிறோம்.

பள்ளி வாயிலோடு நின்ற பந்தி

சென்னை மாநகராட்சி 1920-இல் தியாகராயச் செட்டியார் தலைமையில் ஆயிரம்விளக்குப் பள்ளி மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்க முடிவு செய்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. மேலும் சில பள்ளிகளுக்கும் அது விரிந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடலாகாது என்று ஆங்கில அரசு கூறியதனால் 1925-இல் நின்றது; பின்னர் மீண்டும் தொடர்ந்தது. ஓர் அணாவைக் கணக்குப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்னும் சிக்கலில் பிள்ளைகளின் உண்கலம் காலியானது. கணக்கர் உலகம் என்றும் அப்படித்தான்.

1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநிலம் தழுவி எழுந்தது. 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சி அதனைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கியது; 1984-இல் பதினைந்து வயது வரையுள்ள மாணவர்க்கும் விரிந்தது. கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் மு.க. ஸ்டாலின் ஆட்சி தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டியைத் தொடங்கியது. இவை ஒவ்வொன்றையும் பற்றித் தனி நூலே எழுதலாம். பலர் எழுதியும் உள்ளனர். இவ்விடத்தில் நமக்கு வேண்டியது ஒன்றே. நூறாண்டுக் காலமாக வளர்ந்து வந்த இப்பந்தி பள்ளி வாயிலைத் தாண்டவில்லை.

தாண்டாததற்குக் காரணம் உண்டு. திட்டங்கள் தோன்றிய காலத்தில் கல்லூரி என்பது வசதியுள்ளோர் இடம். கல்லூரிக்கு வருபவன் வீட்டில் உண்டுதான் வருவான் என்று ஆட்சியாளர் கருதினர். சேரியிலிருந்து ஒருவன் வந்தால் அவன் விடுதியில் இருப்பான் என்றும், விடுதிக்கு அரசு பணம் தருகிறது என்றும் எண்ணினர். இவ்விரு கருத்தும் இன்று பொருந்தா. வட்டாரந்தோறும் கல்லூரிகள் பெருகின. நம் பிள்ளைகளுள் பலர் விடுதியில் தங்காமல் வீட்டிலிருந்தே பேருந்தில் போய்ப் படிக்கின்றனர். அவர்களை ஏட்டில் வைத்துப் பார்ப்பார் இல்லை.

உதவித்தொகையின் கதையைப் பார்ப்போம். டாக்டர் அம்பேத்கர் 1942-இல் வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். பட்டியல் சாதி மாணவர் உயர்கல்விக்கென அவர் போராடிப் பெற்ற நிதியின் வழியே 1944-இல் தோன்றியதுதான் மெட்ரிக்குக்குப் பிற்பட்ட கல்வி உதவித்தொகை. நம்முள் பட்டம் பெற்ற ஏறத்தாழ அனைவரும் அதன் நிழலில் வளர்ந்தவர்களே. அதில் பராமரிப்புப் படி என்று ஒரு பகுதி உண்டு; உண்ணவும் உடுக்கவும் அதுவே. 2021-இல் நடுவணரசு அத்திட்டத்தைத் திருத்தியபோது, கலை அறிவியல் பட்டப்படிப்பு மாணவர் வீட்டிலிருந்து வருபவராயின் ஆண்டுக்கு 3,000 ரூபாய், விடுதியில் இருப்பவராயின் 6,000 ரூபாய் என்று வகுத்தது. மூவாயிரத்தை முந்நூற்று அறுபத்தைந்தால் வகுத்துப் பாருங்கள்; நாளொன்றுக்கு எட்டு ரூபாய் சில்லறை. அந்தத் தொகைக்குக் கல்லூரி வாயிலில் ஒரு தேநீர் கிடைத்தால் அதுவே மிகுதி. எண்ணாயிரத்துச் சோழ மாணவனின் பத்து நாழி நெல்லை நினைத்துப் பெருமூச்செறிவதன்றி வேறென்ன செய்வது?

ஆதிதிராவிடர் நல விடுதிகளின் நிலை இதைவிட மேலானது. 2023-இல் தமிழக அரசு விடுதி மாணவர்க்கான உணவுப்படியை உயர்த்தியது. பள்ளி மாணவர்க்கு மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாகவும், கல்லூரி மாணவர்க்கு 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாகவும் ஆயிற்று. இது வரவேற்கத்தக்க உயர்வே. ஆயினும் 1,500 ரூபாய் என்றால் நாளுக்கு ஐம்பது ரூபாய். வேளைக்குப் பதினேழு ரூபாய்க்கும் குறைவு. அதற்குள் காய், பருப்பு, முட்டை, வாரத்தில் இறைச்சி என அனைத்தும் அடங்கவேண்டும். 2025-இல் இவ்விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினர். பெயர்ப்பலகை மாறியது போலவே குழம்பின் அடர்த்தியும் மாறியதா என்று கேட்கும் உரிமை அவ்விடுதி மாணவர்க்கு உண்டு. அவர்கள் கேட்கவும் வேண்டும்.

அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சென்ற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இலும், ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கின. நம் தெருப் பிள்ளைகளுக்கு இவை பேருதவியே. ஆனால் அப்பணம் வங்கிக்கு வந்த அன்றே வீட்டு வாடகையாகவும் தாயின் மருந்தாகவும் கரைந்துபோவதை நாம் அறிவோம். பணம் பல வழி போகும். வெந்த சோறு வயிற்றுக்கே போகும்.

பழனி காட்டிய வழி

கல்லூரி மாணவர்க்கு நேரே உணவிடுவது இயலாத காரியம் என்பார்க்குப் பழனியைக் காட்டலாம். பழனி தண்டாயுதபாணி சுவாமி கோயில் நிருவாகம் தான் நடத்தும் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் பயிலும் ஏறத்தாழ 4,000 மாணவர்க்கு 2022 நவம்பர் முதல் இலவசக் காலைச் சிற்றுண்டி வழங்கத் தொடங்கியது. தமிழகத்தில் கல்லூரி மாணவரைக் காலைப் பந்தியில் அமரச்செய்த குறிப்பிடத்தக்க முயற்சி இது. சோழர் காலக் கோயில் நெல் ஒரு குலத்தார்க்கே போயிற்று. இங்கே கோயில் வருவாய் அக்கல்லூரியில் பயிலும் எக்குலத்தார்க்கும் போகிறது. ஆயிரம் ஆண்டுகளில் வேலி சற்றே விரிந்திருக்கிறது. திருவண்ணாமலைக் கோயிலிலும் அன்னதானம் சிறப்புற நடைபெறுகிறது. அதில் ஒரு பங்கு கல்லூரி மாணவர்க்கென வகுக்கப்படவேண்டும் என்று கேட்பது முறையற்ற வேண்டுகோள் ஆகாது.

வெளிநாட்டிலும் இச்சிக்கல் உண்டு. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களே 1993-இல் தம் தோழர்க்காக உணவு வங்கி ஒன்றைத் தொடங்கினர். பின்னர்ப் பல கல்லூரிகள் அதனைப் பின்பற்றின. பின்லாந்தில் 1979 முதல் பல்கலைக்கழக உணவகச் சாப்பாட்டின் விலையில் ஒரு பகுதியை அரசே ஏற்கிறது. பிரான்சில் 2020-இல் உதவித்தொகை பெறும் மாணவர்க்கு ஒரு யூரோ விலையில் முழுச்சாப்பாடு அளிக்கத் தொடங்கினர். பின்லாந்து, பிரான்சு முறையில் நமக்குப் பிடித்தது ஒன்றுண்டு. ஏழை மாணவனும் மற்றவனும் ஒரே உணவகத்தில், ஒரே தட்டில் உண்கின்றனர். இவன் இலவசக்காரன் என்று சுட்டத் தனி வரிசை இல்லை.

நம் சங்கம் செய்யக்கூடியது

அரசு செய்யட்டும் என்று விட்டுவிடுதலும், நாமே அனைத்தையும் செய்துவிடுவோம் என்று முழங்குதலும் இரண்டும் பிழை. அரசிடம் கேட்கவேண்டியதைக் கேட்போம்: நாட்படிப்பு மாணவரின் படியை விலைவாசிக்கேற்ப உயர்த்தவேண்டும், அரசுக் கல்லூரிகளில் காலைப் பந்தி வேண்டும். அது வரும்வரை நம் தெருவில் என்ன செய்வது என்பதே கேள்வி.

முதலில் எவ்வளவு உணவு வேண்டும் என்று தெரியவேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அளவின்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதமும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 46 கிராம் புரதமும் வேண்டும். சோறும் இரசமும் மட்டும் உண்டால் வயிறு நிறையும், இவ்வளவு நிறையாது. தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53.4 விழுக்காட்டினர்க்குச் சோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு கூறுகிறது. இரண்டாம் பாடவேளையில் நம் பெண்பிள்ளைக்குத் தலை சுற்றினால், அதனைப் படிப்பில் நாட்டமின்மை என்று ஆசிரியர் எழுதிவிடுகிறார்.

இதற்கு மருந்து கடையில் இல்லை. நம் பாட்டிமார் பானையில் இருந்தது. கேழ்வரகு நூறு கிராமில் முந்நூறு மில்லிகிராமுக்கும் மேற்பட்ட சுண்ணச்சத்து உண்டு. நம் வட்டாரத்தில் விளையும் மணிலாக் கொட்டையில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு புரதம். எண்பது கிராம் கேழ்வரகு மாவில் காய்ச்சிய கூழ், ஒரு பிடி வேகவைத்த மணிலா, ஓர் அவித்த முட்டை ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ இருபது கிராம் புரதம் ஆகிவிடும். ஒரு நாளைய தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காலை ஏழு மணிக்கே முடிந்துவிடுகிறது. முருங்கைக்கீரைக்குக் காசே வேண்டா. மரம் நம் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. கூழ் ஏழைகளின் உணவு என்று கூசும் இளைஞர்களுக்கு ஒரு சொல்: நகரத்துக் கடைகளில் அதே கேழ்வரகு இன்று சிறுதானியம் என்னும் பெயரோடு நம்மால் வாங்கவொண்ணா விலையில் விற்கிறது.

பிடி அரிசி முறை நம் தாய்மார்க்குப் புதிதன்று. நாள்தோறும் உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனிக்கலத்தில் இட்டு வாரக்கடைசியில் ஒப்படைத்தால், சங்கக் கட்டடத்தில் காலைப் பந்தி நடத்த அரிசிக்குக் குறைவிராது. முட்டைக்கும் மணிலாவுக்கும் மட்டும் பணம் தேவை. அதனை, இச்சங்கத்தின் துணையால் படித்து வேலையில் அமர்ந்தோர் மாதந்தோறும் ஏற்கலாம். ஆண்டுவிழாவில் வளைவுக்கும் மாலைக்கும் ஒலிபெருக்கிக்கும் நாம் செலவிடுவதனைச் சற்றே குறைத்தாலும் அது கூடிவிடும். இதனைச் சொல்வதால் விழாக்குழுவினர் என்மீது சினம் கொள்ளாதிருப்பாராக.

சமைப்பவர் யார், பரிமாறுபவர் யார் என்பதில் தெளிவு வேண்டும். தாய்மார் மட்டுமே புகையில் நிற்கவேண்டும் என்பதில்லை. கல்லூரி மாணவரே முறைவைத்துச் சமைக்கலாம். ஆண்பிள்ளைகளும் கரண்டி பிடிக்கலாம். மராட்டியத்தில் பாவுராவ் பாட்டீல் சாத்தாராவில் 1924-இல் தொடங்கிய விடுதியில் பல சாதி மாணவர் கூடி வேலை செய்து, கூடிச் சமைத்து, கூடி உண்டனர். நம் பந்தியும் நம் தெருவினர்க்கு மட்டும் உரியதாக இருத்தலாகாது. அடுத்த தெருவின் ஏழைப் பிள்ளை, எக்குலத்தவனாயினும், வந்தால் அவனுக்கும் இலை உண்டு. எண்ணாயிரத்து வேலியை நாம் திருப்பிக் கட்டவேண்டியதில்லை.

வருவோர் பெயரை எழுதி ஒட்டவேண்டா. படம் பிடித்து வெளியிடவேண்டா. எத்தனை இலை போயிற்று என்னும் எண்ணிக்கை ஒன்றே கணக்குக்குப் போதும். தேர்வுக் காலத்தில் மாலையிலும் ஒரு பந்தி வைத்தால் நன்று. விளக்கெரிக்க எண்ணெய் அளந்த திருமுக்கூடல் கல்வெட்டை அப்போது நினைத்துக்கொள்ளலாம். பேருந்து ஏழே காலுக்கு வருமாயின், கூழ் ஆறரைக்குள் இறங்கியிருக்கவேண்டும்.